எண்ணிச் சுட்ட தோட்டாக்கள்

கறுப்புத் திரை. நடுவில் ஒற்றைக் கதவு. கைப்பிடி திரும்புகிறது, கீல் முனகுகிறது, கதவு மெல்ல விலகுகிறது. அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்பது தெரிய இன்னும் ஓரிரு விநாடி ஆகும். 1990களின் கடைசியில், கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் பிளேஸ்டேஷன் இருந்த வீடுகளின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ஓரிரு விநாடியின் நீளம் தெரியும். கன்ட்ரோலர் ஒருவர் கையில் இருக்கும். மற்றவர்கள் தரையில், நாற்காலிக் கைப்பிடியில், வாசற்படியில். யாராவது ஒருவர் "போகாதடா" என்று முணுமுணுப்பார். அதற்குள் கதவு திறந்திருக்கும்.

அந்தக் கதவு பயமுறுத்துவதற்கென்றே வைக்கப்பட்டதல்ல. இயந்திரத்தின் ஏழ்மையை மறைக்க வைக்கப்பட்டது. ஜப்பானில் 'பயோஹசார்ட்' என்ற பெயரில் 1996 மார்ச் 22 அன்று காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' ஒரு பாழடைந்த மாளிகைக்குள் நடக்கும் கதை. முதல் பிளேஸ்டேஷனின் நினைவகம் 2 மெகாபைட். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வேண்டுமானால் பழைய அறையை நினைவகத்திலிருந்து அழித்து, புதிய அறையைச் சிடியிலிருந்து மெதுவாகப் படித்தெடுக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை வெறும் திரையாக விடாமல் கதவாக மாற்றினார்கள். இந்த உத்தி காப்காமுக்குப் புதியதும் அல்ல. 1989இல் ஃபேமிகாம் கன்சோலுக்காகத் தொகுரோ ஃபுஜிவாராவின் தலைமையில் உருவான 'ஸ்வீட் ஹோம்' விளையாட்டிலேயே கதவுகள் இப்படித்தான் திறந்தன. அதை முன்மாதிரியாக வைத்துக்கொண்டுதான் 'ரெசிடென்ட் ஈவில்' இயக்குநர் ஷின்ஜி மிகாமி தன் மாளிகையைக் கட்டினார்.

மற்ற குறைகளும் அப்படியே பயமாக மாறின. மாளிகை முழுவதையும் முப்பரிமாணத்தில் வரையும் வலு அந்தக் கன்சோலுக்கு இல்லை. அறைகளை முன்கூட்டியே ஓவியமாக வரைந்து ஒட்டினார்கள். ஓவியம் அசையாது என்பதால் கேமராவும் அசையவில்லை. மூலைக்கு அப்பால் இருப்பதைத் திரும்பிப் பார்க்க முடியாது, காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். 1999இல் கோனாமியின் 'சைலன்ட் ஹில்' வந்தபோது தொலைவில் இருப்பதை வரைய முடியாத குறையை மூடுபனி போட்டு மூடினார்கள். அந்த மூடுபனிதான் அதன் முகமே ஆகிவிட்டது.

இந்த விளையாட்டுகள் எல்லாமே பற்றாக்குறையைப் பற்றியவை. கையில் பத்துப் பதினைந்து தோட்டா, ஒரு மூலிகைச் செடி. 'ரெசிடென்ட் ஈவில்' ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சுப் பொறி வேண்டும், அதற்கு மை நாடா வேண்டும், மை நாடாவும் எண்ணித்தான் கிடைக்கும். எதிரே வருவதைச் சுடலாமா, ஓடித் தப்பலாமா என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வேண்டும். இயந்திரத்தின் பற்றாக்குறையிலிருந்து பிறந்து, பற்றாக்குறையையே கருவாகக் கொண்ட இந்த விளையாட்டு, பணத்துக்குப் பற்றாக்குறையான வீடுகளுக்குள் வந்து சேர்ந்ததும் கூடி ஆடும் ஒரு தனிப் பழக்கமாகவே வேர்பிடித்தது. அந்தப் பழக்கம் எப்படி வந்தது, எப்படி மறைந்தது என்பது கோலாலம்பூரின் பங்சாரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய கதை.

பங்சார் இன்று காபிக் கடைகளுக்கும் உயர்ந்த வாடகைக்கும் பெயர்பெற்ற இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ரப்பர் பால்மரக் காடு. எதுவார் புங்கே, அல்ஃபிரட் கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலீட்டாளர்களின் பெயர்களைச் சேர்த்து வைத்த புங்கே-கிரிசார் தோட்டமே வாய்வழக்கில் பங்சார் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் பெயர்க் காரணம். பால் வெட்டியவர்கள் தமிழர்கள். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நின்று, இருட்டு விலகாத நேரத்தில் தலையில் விளக்கோடு மரங்களுக்கு நடுவே தனியாக நடந்தவர்கள். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் வழங்கும் பேய்க்கதைகளில் எத்தனையோ அந்த இருட்டில் பிறந்தவை. எல்லையில் காவல்தெய்வம் முனியாண்டி, வாழைமரத்தடியில் பெண்பேயான பொந்தியானாக் என்று தமிழ்ப் பயமும் மலாய்ப் பயமும் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்துத் தொழிலாளர் லயங்களில் குடியிருந்தன. அந்தக் கதைகளைத் தனியாக உட்கார்ந்து யாரும் கேட்டதில்லை. லயத்து வாசலில், விளக்கைச் சுற்றி, கூட்டமாகத்தான் கேட்டார்கள்.

திரைக்கு வந்த பயத்திலும் தமிழ்ச் சினிமாவின் கை உண்டு. மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1957 ஏப்ரல் 27 அன்று, கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் 'பொந்தியானாக்' வெளிவந்தது. பொந்தியானாக் என்பது பிரசவத்தில் இறந்து பேயாக அலையும் பெண் என்பது மலாய் நம்பிக்கை. படத்தில் அந்தப் பேயாக நடித்தவர் மரியா மெனாடோ. இயக்கியவர் பி. என். ராவ். தமிழில் 'ரம்பையின் காதல்', 'மதன காமராஜன்' ஆகிய படங்களை இயக்கிவிட்டு, 1950களில் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் படங்களில் இறங்கியவர் அவர். படம் ஓடிய ஓட்டத்தில் அடுத்த ஆண்டுக்குள் இரண்டு தொடர்ச்சிகளையும் அவரே எடுத்தார். அந்த முதல் படத்தின் பிரதி இன்று இல்லை. தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹோ ஆ லோக், சுருள்களை ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றில் வீசிவிட்டார் என்று சொல்வார்கள்.

பின்னால் வந்த பத்தாண்டுகளில் மலாய்ப் பேய்ப்படம் மெலிந்துபோனது. 1980களிலும் 90களிலும் தணிக்கையின் கெடுபிடியில் உள்ளூர்த் திரையில் பேய் ஏறக்குறையக் காணாமற்போயிற்று. 2004இல் ஷுஹாய்மி பாபா இயக்கிய 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' வந்தபிறகுதான் அது திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை தன் பயத்தை வேறு இடத்தில் தேடிக்கொண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தமிழ்க் குடும்பங்கள் நகரத்துப் பிளாட்டுகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் நகர்ந்த காலமும் அதுதான். லயத்து வாசல் போனது. அதன் இடத்தில் தொலைக்காட்சி வந்தது, அதன் கீழே ஒரு சாம்பல் நிறப் பெட்டியும் வந்தது.

பெட்டிக்கு முன்னால் கேம் கடைகள் இருந்தன. 1978இல் டைட்டோவின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஜப்பானில் தொடங்கிவைத்த அலை ஆசியா முழுவதும் அடித்தபோது அரசுகள் மிரண்டன. பிலிப்பைன்சில் அதிபர் மார்க்கோஸ் 1981இல் வீடியோ கேம்களையே தடைசெய்தார். மலேசியாவில் அப்படி ஒட்டுமொத்தத் தடை வரவில்லை. டோக்கன் போட்டு விளையாடும் மையங்கள் பேரங்காடிகளிலும் கடைவீடுகளிலும் பரவின. 1990களின் பின்பாதியில் அங்கே வந்த சேகாவின் 'தி ஹவுஸ் ஆஃப் தி டெட்' பலருக்கும் முதல் ஆக்‌ஷன் பேய் விளையாட்டு. கயிற்றில் கட்டிய இரண்டு பிளாஸ்டிக் துப்பாக்கி. திரைக்கு வெளியே சுட்டால் தோட்டா நிரம்பும். பிணங்கள் நேராக முகத்துக்கு வரும். இரண்டு பேர் தோளோடு தோள் நின்று சுட, பின்னால் நிற்பவர்கள் எது எங்கிருந்து வரும் என்று கத்திச் சொல்வார்கள். டோக்கன் வாங்கக் காசில்லாதவரும் ஆட்டத்தில் ஒருவர்தான்.

ஆனால் இந்த மையங்களில் பலவற்றின் உள்ளறையில் வேறு இயந்திரங்கள் இருந்தன. வீடியோ கேம் உரிமத்தின் நிழலில் சூதாட்டப் பொறிகள் ஓடின. 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டத்தை வைத்துக்கொண்டு காவல்துறை சோதனை போட்டபடியே இருந்தது. பெற்றோரும் பத்திரிகைகளும் குரல் எழுப்பின. 2000ஆம் ஆண்டுவாக்கில் வீடியோ கேம் மையங்களை மூடுவதென்று அரசு முடிவெடுத்தது. சூதாட்டத்தை ஒழிக்க எடுத்த நடவடிக்கையில் பள்ளி முடிந்து வந்து பிணங்களைச் சுட்டுக்கொண்டிருந்த பையன்களின் இடமும் போனது. நியாயமான கோபத்துக்கு நடுவே நடந்த இழப்பு அது.

வீட்டுப் பெட்டியின் கதை பணத்திலிருந்து தொடங்குகிறது. 1997 ஆசிய நிதி நெருக்கடிக்கு முன் ஓர் அமெரிக்க டாலர் ஏறக்குறைய இரண்டரை வெள்ளி (ரிங்கிட்). நெருக்கடியில் வெள்ளி சரிந்தது. 1998 செப்டம்பர் 2 அன்று அரசு டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டிப்போட்டது. 50 டாலர் விலையுள்ள ஓர் அசல் கேம் 125 வெள்ளியிலிருந்து 190 வெள்ளியாகத் தாவியது. குறைந்தபட்ச ஊதியம் என்ற ஒன்று மலேசியாவில் நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதுவும் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. அதற்குப் பதினைந்து ஆண்டு முன்னால் ஒரு கேமுக்கு 190 வெள்ளி என்றால், தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பத்தில் அந்தப் பேச்சே எழாது.

வெள்ளி கட்டப்பட்டதற்கு முந்தின நாள், செப்டம்பர் 1 அன்று, புத்ரா எல்ஆர்டி ரயிலின் முதல் பகுதி திறக்கப்பட்டது. ஓட்டுநர் இல்லாத ரயில். பங்சார் நிலையத்தில் ஏறினால் பாசார் செனியில் இறங்கலாம், அங்கிருந்து பெட்டாலிங் ஸ்திரீட் நடக்கும் தூரம். கைக்கடிகாரமும் கைப்பையும் விற்ற கடைகளுக்கு நடுவே நகல் சிடி விற்ற மேசைகள் இருந்தன. மேசை மீது சிடி இருக்காது, பிளாஸ்டிக் உறைகள் கொண்ட தடித்த ஆல்பம் மட்டும் இருக்கும். அதில் அட்டைப்படங்களைப் புரட்டி, விரலால் காட்டினால், ஒரு பையன் சந்துக்குள் ஓடிப்போய் வட்டைக் கொண்டுவருவான். சில வெள்ளிதான். ஞாயிறு மாலைகளில் பங்சாரில் கூடும் பாசார் மாலாம் போன்ற இரவுச் சந்தைகளிலும், புக்கிட் பிந்தாங் அருகில் கணினிக் கடைகளால் நிறைந்த இம்பி பிளாசாவிலும், 1999இல் அதன் பக்கத்தில் திறந்த லோயாட் பிளாசாவைச் சுற்றியும் இந்த வணிகம் செழித்தது.

நகல் வட்டு மட்டும் போதாது. அசல் பிளேஸ்டேஷன் சிடியின் உள்வளையத்தில் ஒரு நுண்ணிய அதிர்வு பதிந்திருக்கும். அந்த அதிர்வில் வட்டாரக் குறியீடு ஒளிந்திருக்கும். வீட்டுக் கணினியில் எரித்த சிடியில் அந்த அதிர்வு வராது, கன்சோல் அதை மறுத்துவிடும். இதற்கு மருந்துதான் மோட் சிப். கன்சோலைத் திறந்து, விரல் நகம் அளவு சில்லை ஈயத்தால் பற்றவைத்தால், அது குறியீட்டைத் தானே ஊட்டிக்கொண்டிருக்கும். இம்பி பிளாசா மாதிரியான இடங்களில் இதைச் செய்து கொடுத்தவர்கள் பொறியியல் படித்தவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கை நடுங்காமல் பற்றவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் திறமையை மதிக்காமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. கன்சோலுக்கு இத்தனை பேர் வாழ்க்கையில் இடம் கிடைத்தது அந்தக் கைகளால்தான்.

திருட்டு நகல் திருட்டு நகல்தான், அதில் இரண்டு பேச்சில்லை. மிகாமிக்கும் அவரோடு உழைத்தவர்களுக்கும் இந்த மேசைகளிலிருந்து ஒரு சென்னும் போகவில்லை. அமெரிக்க அரசின் வர்த்தக அலுவலகம் மலேசியாவைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருந்தது, 2012இல்தான் விடுவித்தது. கோலாலம்பூரும் சும்மா இருக்கவில்லை. ஒளிவட்டுகளைத் தயாரிப்பவர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் 2000இல் வந்தது. 2003 முதல் அசல் வட்டுகளுக்கு ஹாலோகிராம் ஒட்டு வந்தது. 2007 மார்ச்சில் வந்தவர்கள்தான் இதில் மறக்க முடியாதவர்கள். லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள். வட்டு செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் வாசனையை மோந்து கண்டுபிடிக்கப் பழக்கப்பட்டவை. ஹாலிவுட் நிறுவனங்களின் சங்கம் மலேசியாவுக்கு இரவல் கொடுத்தது. ஜோகூர் பாருவில் அவை காட்டிக்கொடுத்த குவியல்களைப் பார்த்த கள்ள வணிகர்கள் நாய்களின் தலைக்கு விலை வைத்தார்கள் என்ற செய்தி உலகம் முழுவதும் ஓடியது.

இனி அந்த வரவேற்பறைக்குத் திரும்பலாம்.

தெருவுக்கு ஒரு வீட்டில் கன்சோல். அதனால் அந்த வீட்டில் கூட்டம். 'ரெசிடென்ட் ஈவில்' ஒருவர் மட்டுமே ஆடும் விளையாட்டு. அதன் பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கும். அந்த வரவேற்பறைகளில் அது ஒருபோதும் ஒருவர் ஆட்டமாக இருந்ததில்லை. ஒருவர் செத்தால் அடுத்தவர் கைக்குக் கன்ட்ரோலர் மாறும். மாளிகையின் கதவுகளையும் சாவிகளையும் யாரோ ஒருவர் பள்ளிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பார். ஆங்கிலத்தில் கிடக்கும் டைரிக் குறிப்புகளைப் படித்துத் தமிழில் சொல்ல ஓர் அண்ணனோ அக்காளோ வேண்டும். தோட்டா எத்தனை மிச்சம் என்பது கூட்டத்துக்கே மனப்பாடம். வீணாகச் சுட்டவனை அந்தக் கூட்டம் மன்னிக்காது.

சேமிக்க இன்னொரு பொருள் வேண்டும்: மெமரி கார்டு. அதன் கொள்ளளவு 128 கிலோபைட், அதைப் பதினைந்து கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். நகல் வட்டுக்குக் காசு திரட்டியவர்களிடம் பல நேரம் கார்டுக்குக் காசு இருக்காது. அப்போது பின்பற்றிய வழி உலகம் முழுவதும் ஏழை ஆட்டக்காரர்கள் பின்பற்றியதுதான்: தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிட்டு, கன்சோலை இரவெல்லாம் ஓடவிடுவது. காலையில் யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டால் மாளிகை முழுவதும் மறுபடி வாசலிலிருந்து. விளையாட்டுக்குள் மை நாடா இல்லை, வெளியே மெமரி கார்டு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நெருக்கடியில் ஆடியவர்களுக்கு அந்த மாளிகை கூடுதல் நிஜமாக இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தப் பழக்கத்தின் உச்சம் 2005.

'ரெசிடென்ட் ஈவில் 4' பிறக்கப் பட்ட பாடு பெரிது. முதல் முயற்சி ஹிதெக்கி கமியாவின் கையில் தொடங்கி, பயத்திலிருந்து விலகி வேகத்தின் பக்கம் போய், 2001இல் 'டெவில் மே கிரை' என்ற தனி விளையாட்டாக வெளிவந்தது. அடுத்து மூடுபனி சூழ்ந்த கோட்டையில் நடந்த ஒரு வடிவம் கைவிடப்பட்டது. கொக்கி ஏந்திய பேயுருவம் துரத்தும் இன்னொரு வடிவம் 2003இல் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டு, அதுவும் கைவிடப்பட்டது. கடைசியில் மிகாமியே இயக்குநராக இறங்கினார். பழைய அசையாத கேமராவைத் தூக்கியெறிந்து, கதாநாயகன் லியோனின் வலது தோளுக்குப் பின்னால் கேமராவைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓவியமாக வரைந்த அறைகள் போயின. கறுப்புத் திரையில் தனியாகத் திறக்கும் கதவும் போயிற்று. கதவை இனி லியோனே உதைத்துத் திறந்தார்.

2005 ஜனவரி 11 அன்று வட அமெரிக்காவில் நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்காக அது வந்தது. பள்ளத்தாக்கில் அதை அன்றே ஆடியவர்கள் சிலர்தான். காரணம் வட்டின் அளவு. கேம்கியூப் பயன்படுத்தியது 8 சென்டிமீட்டர் குட்டி வட்டு, அதுவும் நின்டெண்டோவின் தனி வடிவம். பெட்டாலிங் ஸ்திரீட் மேசைகள் அதை எளிதில் நகலெடுக்க முடியாது. அசல் வாங்கினால் அப்போதும் 190 வெள்ளி. வெள்ளியின் கட்டு அவிழ்ந்தது 2005 ஜூலை 21 அன்று. அதே ஆண்டு அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2 பதிப்பு வெளிவந்தபிறகுதான் இந்த விளையாட்டு பங்சார், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரு கலைப்படைப்பு ஊருக்குள் எப்போது வருகிறது என்பதைச் சில நேரம் வட்டின் சுற்றளவுதான் முடிவு செய்கிறது.

முதல்முறை ஆடியவர்கள் கண்டது ஐரோப்பியக் கிராமம் ஒன்றை. மண்பாதை, கோழிகள், மாடு, நடுவில் ஒரு தீ. பேய் மாளிகை எதுவும் இல்லை. பகல் வெளிச்சம். ஊர்க்காரர்கள் வைக்கோல் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். லியோனைக் கண்டதும் ஸ்பானிய மொழியில் கத்திக்கொண்டு, கையிலிருக்கும் கோடரியோடும் கவைக்கோலோடும் வருகிறார்கள். ஓடவும் செய்யலாம், சுடவும் செய்யலாம், ஆனால் குறிபார்க்கும்போது கால் நகராது. அந்த ஒரு விதியில்தான் முழுப் பயமும் இருந்தது. மாடி வீட்டுக்குள் ஓடி, அலமாரியை இழுத்துச் சன்னலை அடைத்து, மேலே சுவரில் தொங்கும் துப்பாக்கியை எடுத்தால், வெளியே ஏணி சாத்தும் சத்தம். பிறகு மரம் அறுக்கும் இயந்திரத்தின் உறுமல். தலையில் சாக்கு மாட்டிய ஒருவன். அந்த உறுமலைக் கேட்டுக் கன்ட்ரோலரைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்ட கைகள் இந்தப் பள்ளத்தாக்கில் ஏராளம். இனி தப்ப முடியாது என்று நினைக்கும்போது தேவாலய மணி அடிக்கும். ஊரே ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, அழைக்கப்பட்டதுபோல் நடந்து போய்விடும்.

இந்த விளையாட்டு ஆடுபவரைக் கவனித்துக்கொண்டே இருந்தது என்பது அன்று பலருக்குத் தெரியாது. திரும்பத் திரும்பச் செத்தால் அது சத்தமில்லாமல் எதிரிகளைக் குறைத்து, உடைக்கும் பெட்டிகளில் தோட்டாவைக் கூட்டியது. நன்றாக ஆடினால் இறுக்கியது. பத்து வயதுத் தம்பி ஆடும்போது கிராமம் கொஞ்சம் இரங்கியது, அண்ணன் வாங்கியதும் வேறு கிராமமாகியது. தங்கள் வீட்டு வட்டில் ஏதோ கோளாறு என்று அப்போது நினைத்தவர்கள் இருக்கக்கூடும்.

கூட்டப் பழக்கம் அடுத்ததாக சிசிக்கு மாறியது. சைபர் கஃபேயை மலேசியாவில் யாரும் முழுப் பெயரால் அழைத்ததில்லை. கேம் மையங்கள் மூடப்பட்ட இடைவெளியில் கடைவீட்டு மேல்மாடிகளில் சிசிகள் பெருகின. குளிரூட்டி, திரைச்சீலை, மணிக்கு இவ்வளவு வெள்ளி. 2000இல் கடைக்கு வந்த 'கவுண்டர்-ஸ்டிரைக்' அவற்றின் சோறு. பேய் ரசிகர்களுக்கான விருந்து 2008 நவம்பரில் வந்தது. வால்வ் நிறுவனத்தின் 'லெஃப்ட் 4 டெட்' நான்கு பேர் சேர்ந்து பிணக்கூட்டத்தைக் கடக்கும் விளையாட்டு. தனியே முன்னால் ஓடினால் சாவு நிச்சயம். நால்வரின் உடல்நிலையையும் பதற்றத்தையும் எடைபோட்டு, அடுத்த தாக்குதல் எப்போது, எங்கிருந்து என்பதை ஒரு நிரல் தீர்மானித்தது. நான்கு மேசைகளிலிருந்து ஒரே நேரத்தில் எழும் கூச்சலில், துப்பாக்கி கட்டிய பழைய கேம் கடையின் எதிரொலி இருந்தது.

பிறகு வீட்டுக்கு வீடு வேகமான இணையம் வந்தது. கைப்பேசியே கன்சோல் ஆனது. சிசிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. இம்பி பிளாசாவும் மூடப்பட்டது. கேம்கள் இப்போது ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளத்திலிருந்து வெள்ளி விலையில் இறங்குகின்றன, சட்டப்படி. 2017 செப்டம்பரில் தெய்வங்கள் ஒருவரோடொருவர் மோதும் 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்ற ஒரே விளையாட்டுக்காக மலேசியாவில் ஸ்டீம் தளம் முழுவதும் ஒரு நாள் முடக்கப்பட்டபோது, எத்தனை வீடுகள் அதை நம்பியிருந்தன என்பது வெளிப்பட்டது. ஆல்பத்தைப் புரட்டிய காலத்தில் முடக்குவதற்கு இப்படி ஒரே கதவு இருந்ததில்லை.

பெயர்களும் மாறின. பங்சாருக்குத் தெற்கே கம்போங் கெரிஞ்சி இருந்த நிலத்தில் எழுந்த கோபுரங்களுக்குப் 'பங்சார் சவுத்' என்று பெயர் சூட்டப்பட்டது. குடியிருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். பழைய பெயரை மீட்பதென்று 2018இல் அறிவிப்பு வந்தது. கோலாலம்பூரில் இன்று கேம் செய்பவர்களும் இருக்கிறார்கள். பெல்ஜிய நிறுவனமான லாரியனின் கிளை இங்கே 'பால்டர்ஸ் கேட் 3'க்கு உழைத்தது, சோனியும் தன் ஸ்டூடியோவைத் திறந்தது. பயத்தைப் பொறுத்தவரை முக்கியமான பெயர் கைகன் கேம்ஸ். இந்த மலேசிய நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'சிமுலாக்ரா' முழுவதும் ஒரு கைப்பேசித் திரைக்குள் நடக்கிறது. காணாமற்போன பெண்ணின் தொலைபேசி உங்கள் கையில் இருக்கிறது. அவளுடைய செய்திகள், படங்கள், பாதி அழிந்த காணொளிகள். கூட்டமாக ஆட அதில் இடமே இல்லை. ஆடுபவரின் உள்ளங்கைக்குள் நடக்கும் பயம் அது.

'ரெசிடென்ட் ஈவில் 4'ஐ 2023 மார்ச் 24 அன்று காப்காம் புதிதாகக் கட்டி வெளியிட்டது. அதைப் பார்த்துவிட்டு மூலத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. கணினிக்காக 2014இல் மெருகேற்றிய பழைய பதிப்பு இன்னும் கிடைக்கிறது. 2005இல் பிறந்திருக்கவே செய்யாத ஒருவர், பங்சார் அடுக்குமாடி அறையில், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முதல்முறையாக அந்த மண்பாதையில் லியோனை நடத்துகிறார். நடந்துகொண்டே குறிபார்க்க முடியவில்லையே என்று திகைக்கிறார்.

கிராமத்துக்குப் போகும் வழியில் மரங்களுக்கு இடையிலிருந்து ஒரு முனகல். கரடிப் பொறியில் கால் மாட்டிக்கொண்ட வெள்ளை நாய். அதை விடுவித்தால், வெகுநேரம் கழித்து, மழை பெய்யும் இரவில், மலைபோன்ற அரக்கன் ஒருவன் எதிரே நிற்கும்போது, அந்த நாய் ஓடிவந்து அவன் கவனத்தைத் திருப்பும். அன்றைய வரவேற்பறையில் இது எல்லாருக்கும் தெரியும். பொறியைக் கடந்து போகப் பார்த்தாலே நான்கு குரல் சேர்ந்து "டேய், நாய்" என்று கத்தியிருக்கும். இந்த அறையில் சொல்வதற்கு யாருமில்லை. கீழே ஜாலான் மாரோஃபில் வண்டிகள் ஓடும் சத்தம்கூட ஹெட்ஃபோனைத் தாண்டி உள்ளே வரவில்லை. கர்சர் ஒரு கணம் நிற்கிறது. பிறகு லியோன் குனிந்து பொறியைத் திறக்கிறார். நாய் நொண்டிக்கொண்டே மரங்களுக்குள் ஓடி மறைகிறது.